தமிழ் மின்னூலகமும் கட்டளை வரியும்: செயலி வழங்கிக் கூறுகளை ஆளும் முறை

முன்னுரை

தமிழாய்வில் ஈடுபட்டோர் இன்று நூலகத்தின் படியேறுவதற்கு முன்பே மின்னூலகத்தைத் திறந்து பார்த்துவிடுகின்றனர். பினாங்கில் அமர்ந்துகொண்டு மதுரையிலோ கோவையிலோ சமர்ப்பிக்கப்பெற்ற முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தேடும் மாணவர் முதலில் நாடுவது ‘சோத்கங்கா’ தளத்தையே. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிமுறை ஆய்வேடுகளின் மின்படியையும் சமர்ப்பிக்குமாறு பணித்தது. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் அவ்வாறு வந்து சேர்ந்தவற்றைத் திரட்டி வைத்துள்ளது. தமிழக இலக்கண, இலக்கிய ஆய்வேடுகள் பல அங்குக் கிடைக்கின்றன. அத்தளத்தின் அடித்தளமாக அமைந்தது ‘டிஸ்பேஸ்’ என்னும் திறமூல மென்பொருளாகும். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹியூலட்-பேக்கார்ட் நிறுவன ஆய்வகமும் இணைந்து உருவாக்கி 2002இல் வெளியிட்ட மென்பொருள் இது.

இம்மென்பொருளைப் பற்றித் தமிழாசிரியர்கள் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் வினா இயல்பாகவே எழும். ஜார்ஜ் டவுன், மலாயாவின் தமிழ் அச்சு வரலாற்றில் தொடக்கத்திலேயே இடம்பெற்ற நகரமாகும். நாகூர் குலாம் காதிறு நாவலர் 1880களில் ‘வித்தியா விசாரிணி’ இதழை இங்கிருந்து நடத்தினார். அந்நாள் முதல் இந்நாள் வரை இத்தீவிலும் எதிர்க்கரையிலும் அச்சேறிய தமிழ் எழுத்து எவ்வளவோ உண்டு. கோயில் குடமுழுக்கு மலர்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், நாடக அறிவிப்புகள், சங்கங்களின் ஆண்டறிக்கைகள் முதலியன வீட்டுப் பேழைகளிலும் பள்ளி அலமாரிகளிலும் கிடக்கின்றன. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளின் மலர்களை மட்டும் ஒருங்கே திரட்டினாலும் அது பெருந்தொகுப்பாக அமையும். இத்தகைய தொகுப்பு மின்னுருப் பெறும்போது டிஸ்பேஸ் போன்ற ஒரு மென்பொருளிலேதான் பெரும்பாலும் குடிபுகும். குடிபுகுந்த பின் அதனைக் காப்பவர் யார், காப்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்பனவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய வினாக்கள்.

வழங்கிகளைக் கவனிக்கும் கணினி மைய ஊழியருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பதற்கில்லை. தமிழறிந்த நாமோ கருந்திரையில் வெள்ளெழுத்து மின்னும் கட்டளை வரியைக் கண்டவுடன் விலகிச் சென்றுவிடுகின்றோம். இவ்விரு தரப்பாருக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில்தான் தமிழ் எழுத்து சிதைகின்றது. ஆகவே, கட்டளை வரியில் நிகழ்வது என்ன என்பதை நிரலர் அல்லாத தமிழாசிரியர் விளங்கிக்கொள்ளும் அளவிற்கு ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

வழங்கியும் கூறுகளும்

பினாங்குச் சாலையில் உள்ள சௌராஸ்தா சந்தையை அறியாதார் இங்கு இலர். பழைய புத்தகக் கடைகளுக்கும் பெயர் பெற்ற இடம் அது. ஒரே கூரை, பொதுவான வாயில், பொதுவான மின்னிணைப்பு. உள்ளே பல கடைகள். ஒரு கடைக்காரர் தம் கடையை மூடிவிட்டால் சந்தை மூடிவிடாது. சந்தையின் மின்னிணைப்பே அறுந்தால் எல்லாக் கடைகளும் இருண்டுவிடும். செயலி வழங்கி என்பது இச்சந்தைக் கட்டடம் போன்றது. அதனுள் நிறுவப்படும் மென்பொருள் அலகு ஒவ்வொன்றும் ஒரு கடை. இவ்வலகைக் ‘கூறு’ என இக்கட்டுரையில் குறிக்கின்றோம். ‘தொகுதி’ என்னும் சொல்லும் வழக்கில் உண்டு; எனினும் தொகுக்கப்பட்டதைக் குறிக்கும் அச்சொல்லை விட, பகுத்துக் காணத்தக்கதைக் குறிக்கும் ‘கூறு’ பொருத்தமானது என்பது எம் கருத்து.

ஜாவா மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்களுக்கு இத்தகைய கட்டடங்கள் பல உள்ளன. டிஸ்பேஸுடன் பெரிதும் இணைத்துப் பயன்படுத்தப்பட்டு வந்தது ‘டொம்கேட்’. சன் நிறுவனத்தில் உருவாகி 1999இல் அப்பாச்சி அமைப்பிற்கு வழங்கப்பட்டது இது. துல்லியமாகச் சொன்னால் டொம்கேட் முழுமையான செயலி வழங்கி அன்று. வலைக்கூறுகளை மட்டும் ஏற்று இயக்கும் கொள்கலம். ‘கிளாஸ்ஃபிஷ்’, முன்னர் ‘ஜேபாஸ்’ எனப்பட்ட ‘வைல்ட்ஃபிளை’ ஆகியவை முழுமையான வழங்கிகள். கூறுகளை ஆளும் முறையைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு நமக்குப் பெரிதன்று.

டிஸ்பேஸின் ஆறாம் பதிப்பு வரையில் பயனர் காணும் பக்கங்களைத் தருவது ஒரு கூறு. பிற நூலகங்கள் நூற்பட்டித் தரவை அறுவடை செய்துகொள்ள வழிவிடுவது மற்றொரு கூறு. ‘சோலர்’ என்னும் தேடுபொறி இன்னொரு கூறு. இவை யாவும் ஒரே டொம்கேட்டினுள் அருகருகே இயங்கக்கூடியவை. 2021இல் வந்த ஏழாம் பதிப்பு இவ்வமைப்பை மாற்றிவிட்டது. பயனர் பக்கம் ஜாவாவை விட்டுப் பிரிந்து தனியே நிற்கலாயிற்று. சோலரும் தனியே நிறுவப்பட வேண்டியதாயிற்று. எப்பதிப்பாயினும் ஒன்று மாறவில்லை. கூறுகளுள் ஒன்று நின்றுவிட்டாலும் மற்றவை தொடர்ந்து இயங்கக்கூடும். அதனால் மின்னூலகம் முழுதும் நலமாக இருப்பது போன்ற தோற்றம் உண்டாகும். முகப்புப் பக்கம் அழகாகத் திறக்கும். தேடினால் மட்டும் ஒன்றும் கிடைக்காது. ‘அந்த நூல் அங்கு இல்லை’ என மாணவர் எழுதிவிடுவார். நூல் இருக்கும், தேடற்கூறுதான் நின்றிருக்கும்.

ஏவலும் கட்டளையும்

கட்டளை வரி என்பது சுட்டியாலும் படத்தாலும் அன்றி எழுத்தாலேயே கணினியை ஏவும் முறை. தமிழிலக்கணம் பயின்றவர்க்கு இஃது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. ‘நட’, ‘வா’, ‘எழுது’ என ஏவல் ஒருமையில் வினைப்பகுதியே நின்று பொருள் தருவதை நாம் வகுப்பில் கற்பிக்கின்றோம். டொம்கேட்டின் ஆளுகைக் கூறு ஏற்கும் கட்டளைகளும் அவ்வாறே வெறும் பகுதிகள்: ‘லிஸ்ட்’, ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’, ‘ரீலோட்’, ‘டிப்ளாய்’, ‘அன்டிப்ளாய்’. பட்டியலிடு, தொடங்கு, நிறுத்து, மீள ஏற்று, நிறுவு, அகற்று என்பன அவற்றுக்கு நேரான ஏவல்கள். கிளாஸ்ஃபிஷில் ‘ஏஎஸ்-அட்மின்’ என்று முதலில் எழுதி, அடுத்து வினையையும் இறுதியில் கூறின் பெயரையும் எழுதுவர். முதற்சொல் விளி, இரண்டாவது ஏவல், மூன்றாவது செயப்படுபொருள். இடையில் இரட்டைக் கோடிட்டு வருவன அடைகள். தமிழ்த் தொடரில் வினை இறுதியில் நிற்கும். இங்கு அது பொருளுக்கு முன்னே நிற்கின்றது. இதற்கு மேல் இதில் மருட்சி இல்லை.

வினைகளுள் இரண்டை மட்டும் தமிழாசிரியர் எவ்வகையிலும் வேறுபடுத்தி அறிந்திருத்தல் வேண்டும். ‘நிறுத்து’ என்பது கடையை மூடிப் பூட்டுவது. சரக்கு உள்ளேயே இருக்கும். ‘அகற்று’ என்பது கடையையே பெயர்த்தெடுப்பது. டொம்கேட்டின் அகற்றற் கட்டளை, கூறின் மென்பொருட் கோப்பையும் அது விரிந்து கிடக்கும் கோப்புறையையும் சேர்த்தே அழித்துவிடும். மீட்டுத் தா எனக் கேட்க முடியாது. கிளாஸ்ஃபிஷிலோ ‘டிஸேபிள்’ என்னும் இடைநிலை உண்டு; கூறு இருக்கும், பயனருக்குத் திறக்காது. ‘தமிழ்த் தொகுப்பைச் சற்று நிறுத்தி வையுங்கள்’ என நாம் மின்னஞ்சலில் எழுதும்போது, நம் ‘நிறுத்தம்’ எவ்வினையைக் குறிக்கின்றது என்பதையும் எழுதிவிடுதல் நன்று.

படங்களும் பொத்தான்களும் உடைய ஆளுகைப் பக்கங்கள் இருக்கையில் கட்டளை வரி எதற்கு என வினவலாம். முதன்மையான காரணம், கட்டளை என்பது எழுத்து. எழுத்தாதலின் அதைப் பதிந்து வைக்கலாம், பிறருக்கு அனுப்பலாம், அடுத்த ஆண்டு அதே வடிவில் மீண்டும் இடலாம். பொத்தானை அழுத்திய விரல் எந்தப் பதிவையும் விட்டுச் செல்வதில்லை. ஜார்ஜ் டவுனில் உள்ளவர் கோலாலம்பூரில் உள்ள வழங்கியை ஆள வேண்டின் மெல்லிய இணைப்பிலும் எழுத்து கடந்து செல்லும் என்பது மற்றொரு வசதி. பாதுகாப்பும் ஒரு காரணம். எளிய கடவுச்சொல்லுடன் இணையத்திற்குத் திறந்து வைக்கப்பட்ட ஆளுகைப் பக்கங்கள் ஊடுருவுவோருக்கு வாயிலாகிவிட்டமையால், அண்மைப் பதிப்புகளில் டொம்கேட் அப்பக்கத்தை இயல்பாகவே அதே கணினியிலிருந்து மட்டும் அணுகவிடுகின்றது.

‘ஓடுகிறது’ என்னும் விடை

பட்டியற் கட்டளையை இட்டால் டொம்கேட் தரும் விடை மிகச் சுருக்கமானது. முதல் வரி ‘ஓகே’ என்றோ ‘ஃபெயில்’ என்றோ தொடங்கும். அதன்பின் கூறு ஒன்றுக்கு ஒரு வரி. வரியில் முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு செய்திகள்: கூறின் முகவரி, அதன் நிலை, அந்நேரத்தில் உள்ள பயனர் அமர்வுகளின் எண்ணிக்கை, கூறு இருக்கும் இடம். நிலை என்பது ‘ரன்னிங்’ அல்லது ‘ஸ்டாப்டு’. ஓடுகிறது அல்லது நிறுத்தப்பட்டுள்ளது.

இவ்விரண்டாம் சொல்லைத் தமிழில் பெயர்க்கும்போது சிக்கல் எழுகின்றது. ‘நின்றுவிட்டது’ என்பது தன்வினை. ‘நிறுத்தப்பட்டுள்ளது’ என்பது பிறவினையின் செயப்பாட்டு வடிவம். யாரோ வேண்டுமென்று நிறுத்தினரா, தொடங்கும்போதே பிழை நேர்ந்து தானே நின்றதா என்பதை ஆங்கிலச் சொல் மறைத்துவிடுகின்றது. வழங்கியும் அதைச் சொல்வதில்லை. அறிய வேண்டின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தல் வேண்டும். மலேசியத் தமிழில் மென்பொருள் இடைமுகங்களைப் பெயர்க்கும் மாணவர்களுக்கு இதனை நல்லதொரு பயிற்சியாகத் தரலாம்.

ஆயினும் நம் கவலைக்குரியது முதற்சொல்லே. ‘ஓடுகிறது’ என வழங்கி சொல்வது, கூறின் மென்பொருள் நினைவகத்தில் ஏறி வேண்டுகோள்களை ஏற்கும் நிலையில் உள்ளது என்பதை மட்டுமே. அக்கூறு வழியாகச் செல்லும் தமிழ் எழுத்து சிதையாமல் செல்கின்றதா என்பது அதற்குத் தெரியாது. கணினி மைய ஊழியர் பட்டியலைப் பார்த்து ‘எல்லாம் ஓடுகின்றன’ என விடை தருவார்; அவர் சொல்வதில் பொய் இல்லை. அதே வேளையில் தமிழ்த் தலைப்புகள் வினாக்குறிகளாக மாறியிருக்கக்கூடும். அவருக்கு வினாக்குறிக்கும் தமிழெழுத்துக்கும் வேறுபாடு தெரியும். ஆனால் முக்கால் பங்கு மலாய், ஆங்கிலத் தலைப்புகள் நிறைந்த தளத்தில் அவர் அவற்றைக் கண்ணுற வாய்ப்பே இல்லை.

ஐந்து வினாக்குறிகள்

இச்சிதைவு எவ்வாறு நேர்கின்றது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு சூழலில் இயங்குகின்றது. மொழி, எழுத்துக் குறியேற்றம் ஆகியவற்றைச் சுட்டும் மாறிகள் அச்சூழலில் அடங்கும். ஊழியர் தம் பெயரில் நுழைந்து வழங்கியைத் தொடங்கும்போது அவருடைய சூழல் பெரும்பாலும் ஒருங்குறியின் எட்டு பிட்டுக் குறியேற்றத்தைச் சுட்டும். அதே வழங்கியை இரவில் காலக்குறிப்புப்படி தானியங்கிக் கட்டளை ஒன்று தொடங்கினால் சூழல் வெறுமையாக இருக்கலாம். வெறுமையான சூழல் ஆங்கில எழுத்துகளையே அறியும். ஜாவா 17ஆம் பதிப்பு வரையில், நிரலில் குறியேற்றம் வெளிப்படையாகக் குறிப்பிடப்படாத இடங்களில் ஜாவா இச்சூழலையே பின்பற்றியது. கூறு ஒன்றே, தரவும் ஒன்றே, கட்டளையும் ஒன்றே. கட்டளை எங்கிருந்து பிறந்தது என்பது மட்டும் வேறு. பகலில் தொடங்கிய வழங்கியில் ‘தமிழ்’ தமிழாகவே இருக்கும். இரவில் தானே மீளத் தொடங்கிய வழங்கியில் அது ஐந்து வினாக்குறிகளாகிவிடலாம்.

ஐந்து எனக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நம் கணக்கில் ‘தமிழ்’ மூன்றெழுத்துச் சொல். ஒருங்குறிக் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். எட்டு பிட்டுக் குறியேற்றத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும்; ஆகப் பதினைந்து பைட்டுகள். திரையில் ஐந்து வினாக்குறிகள் தெரிந்தால், சொல் கணினியினுள் சரியாக இருந்து, வெளியே எழுதப்படும் நேரத்தில் சிதைந்தது எனலாம். பதினைந்து சிறு அடையாளங்கள் தெரிந்தால், சரியாக எழுதப்பட்டிருந்த சொல் படிக்கப்படும் நேரத்தில் தவறாகப் படிக்கப்பட்டது எனலாம். தலையில் சாய்கோடு தாங்கிய இலத்தீன் முதலெழுத்து ஐந்து முறை இடையிட்டு வருமாயின், தமிழ்ப் பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாகக் கொண்டு வாசித்துள்ளனர் என்பது உறுதி. ஏனெனில் தமிழ்க் குறிகள் அனைத்தின் முதற்பைட்டும் அவ்வெழுத்தின் எண்ணே.

சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இவ்வகைப் பகுப்பாய்வு புதிதன்று. புள்ளியிடப்படாத ஏட்டில் எழுதியவரின் பிழை எது, படித்தவரின் மயக்கம் எது எனப் பிரித்தறிந்து பாடம் துணிவதைப் போன்றதே இதுவும். படித்ததில் நேர்ந்த பிழையாயின் மூலம் அழியவில்லை. குறியேற்றத்தைத் திருத்திவிட்டால் தமிழ் மீண்டுவிடும். எழுதியதில் நேர்ந்த பிழையாயின், வினாக்குறி கோப்பிலோ தரவுத்தளத்திலோ பதிந்துவிட்ட பிறகு மீட்பதற்கு வழி இல்லை. எல்லா வினாக்குறியும் ஒன்றே. எது த, எது ழ எனக் கூற இயலாது. செல்லரித்த ஏட்டைப் போன்றது அது. ஆகவே வினாக்குறியைக் கண்டவுடன் முதலில் செய்ய வேண்டுவது புதிய பதிவுகள் எழுதப்படாமல் தடுப்பதேயாகும். ‘நிறுத்து’ என்னும் ஏவல் இங்குத்தான் பயன்படுகின்றது.

தீர்வு அரிதன்று. டிஸ்பேஸின் பழைய நிறுவல் வழிகாட்டிகள் இரண்டு அமைப்புகளை வலியுறுத்தின. ஒன்று, ஜாவாவைத் தொடங்கும்போதே கோப்புக் குறியேற்றம் இன்னது எனக் கட்டளையின் அடையாகச் சொல்லிவிடுதல். மற்றொன்று, முகவரிகளில் வரும் எழுத்துகளையும் அதே குறியேற்றத்தில் படிக்குமாறு டொம்கேட்டின் இணைப்பியில் குறித்தல். 2014இல் வந்த டொம்கேட் எட்டாம் பதிப்பு இரண்டாவதை இயல்பாக்கியது. 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18ஆம் பதிப்பு முதலாவதை இயல்பாக்கியது. கோப்புகளின் பெயர்கள் மட்டும் அதன் பின்னும் சூழலையே சார்ந்துள்ளன. ஆகவே படக்கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடும் பள்ளிகள், சூழலைச் சரியாக அமைத்த பின்னரே தொகுப்பாகப் பதிவேற்றுதல் வேண்டும். தமிழில் பெயரிடாதீர் எனக் கூறிவிடுவது எளிது. அந்த அறிவுரையை நாம் ஏற்பதற்கில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. வழங்கியினுள் ஓடும் கூறு ஒரு ஜாவா. நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒரே நேரத்தில் ஏற்றுவதற்குக் கட்டளை வரியில் இடும் டிஸ்பேஸ் கட்டளை வேறொரு ஜாவா. முன்னதற்குச் செய்த அமைப்பு பின்னதைச் சாராது. பின்னதைத் தொடங்கும் துணைநிரல், நினைவக அளவையும் குறியேற்றத்தையும் ஒரே மாறியில் வைத்திருக்கின்றது. பயனர் அம்மாறியில் எதையும் இடாவிட்டால் மட்டுமே அவ்விரண்டும் செயற்படும். பெரிய தொகுப்பிற்கு நினைவகம் போதவில்லை எனக் கண்ட ஊழியர் அம்மாறியில் நினைவக அளவை மட்டும் கூட்டி எழுதினால், அவர் அறியாமலேயே குறியேற்றக் குறிப்பு மறைந்துவிடும். நினைவகத்தைக் கூட்டியதால் தமிழ் போயிற்று என்றால் யார் நம்புவர்? பழைய ஜாவாவில் அது நிகழக்கூடியதே.

தேடற்கூறும் தமிழ்ப் புணர்ச்சியும்

எழுத்து சிதையாமல் வந்துவிட்டாலும் தேடற்கூறு தமிழை அறியும் எனக் கொள்ளலாகாது. ‘கோயில்’ என்னும் சொல்லின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் துணைக்காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதிப்படியும் அவை நிகரானவையே. ஆயினும் நிகராக்கும் வடிகட்டி சோலரில் பொருத்தப்படாவிட்டால், ஒன்றைத் தட்டித் தேடுபவருக்கு மற்றது கிடைக்காது. வடிகட்டியைப் பொருத்தியபின் கூறினை ‘மீள ஏற்று’ என ஏவினால் மட்டும் போதாது. ஏற்கனவே அடுக்கப்பட்ட சுட்டி பழைய வடிவிலேயே இருக்கும். முழுச் சுட்டியையும் மீளக் கட்டும் தனிக் கட்டளையை இடுதல் வேண்டும். இப்படியைப் பலர் விட்டுவிடுவதைக் காண்கின்றோம்.

இலக்கண ஆசிரியர்க்குச் சுவை தரும் இடம் மற்றொன்று. ‘பினாங்கு’ எனத் தேடுபவர் ‘பினாங்கில்’, ‘பினாங்கிற்கு’ ஆகியவற்றையும் பெற விழைவார். சொல்லின் இறுதியில் உடுக்குறி இட்டு ‘இவ்வாறு தொடங்கும் சொற்கள் அனைத்தும்’ எனத் தேடினாலும் அவை வரா. உயிர் வந்து சேரும்போது குற்றியலுகரம் கெடுவதால், ‘பினாங்கு’ என்னும் குறிவரிசை ‘பினாங்கில்’ என்பதனுள் இல்லை. உகரத்தை நீக்கிப் ‘பினாங்க’ எனத் தட்டி உடுக்குறியிட்டால் எல்லாம் வந்துவிடும். புணர்ச்சி விதி தேடுபொறிக்கும் வேண்டியிருப்பதை மாணவர்க்கு விளக்க இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது. ‘ஸ்னோபால்’ என்னும் திறமூலச் சொற்பகுப்புத் தொகுப்பில் தமிழுக்கான நிரலும் உண்டு. டிஸ்பேஸின் இயல்பான அமைப்போ ஆங்கில விகுதிகளையே களைகின்றது.

2000ஆம் ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்வேடுகள், மலர்கள் ஆகியவற்றில் வேறொரு சிக்கல் உள்ளது. அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றத்தைக் கொண்டிருந்தது. 1999இல் சென்னை மாநாடும் 2001இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடும் இக்குழப்பம் முற்றியிருந்த காலத்தவை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ எனத் தெரிவது, கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளே. கோப்பிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும் டிஸ்பேஸ் கட்டளை அவ்வைந்தையும் அப்படியே எடுத்துச் சோலருக்குத் தரும். கட்டளை வெற்றி என்றே அறிவிக்கும். வினாக்குறி ஒன்றும் தோன்றாது. தமிழில் தேடுபவருக்கு அந்நூல் மட்டும் என்றும் அகப்படாது. இதனை வழங்கியில் எந்த அமைப்பும் சரிசெய்யாது. உரையை ஒருங்குறிக்கு மாற்றி, பிரித்தெடுத்த படியின் இடத்தில் வைத்தல் வேண்டும். அது தமிழறிந்தோர் பணி.

தமிழாசிரியர் செய்யத்தக்கது

பாயான் லெப்பாஸில் 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவிற்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது முதல் கணினியின் உறுப்புகள் இத்தீவில் உருவாகி வருகின்றன. அவ்வுறுப்புகளின் மேல் நம் எழுத்து எவ்வாறு நிற்கின்றது என்பதைக் கவனிக்கும் பழக்கம் நம் துறைகளில் இன்னும் வேரூன்றவில்லை. தமிழாசிரியர் எல்லாரும் வழங்கி ஆளுநராக வேண்டும் என நாம் சொல்ல வரவில்லை. செய்ய வேண்டுவது மிகச் சிறிது.

தொகுப்பில் ஒரு சோதனைப் பதிவை உருவாக்கி வைத்தல் வேண்டும். அதன் தலைப்பு ‘பினாங்குக் கோயில் மலர்’ போன்று, இரட்டைக் குறியாகப் பிரியும் உயிர்மெய், புள்ளி, குற்றியலுகரம் ஆகிய அனைத்தையும் கொண்டதாக அமையட்டும். இணைக்கும் கோப்பிற்கும் தமிழிலேயே பெயர் இருக்கட்டும். வழங்கி மீளத் தொடங்கிய ஒவ்வொரு முறையும், ‘எல்லாம் ஓடுகின்றன’ என்னும் மின்னஞ்சல் வந்தவுடன், தமிழறிந்த ஒருவர் அப்பதிவைத் திறந்து பார்த்து, ‘கோயில்’ எனத் தேடி, கோப்பைத் தரவிறக்கிப் பார்த்தல் வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஊழியர் விரும்பினால் ‘கர்ள்’ என்னும் கட்டளையால் அப்பக்கத்தை எடுத்து, எதிர்பார்த்த தமிழ்ச் சொல் அதில் உள்ளதா எனத் தானே சரிபார்க்கும் சிறு நிரலையும் எழுதிவிடலாம். அச்சொல்லைத் தேர்ந்து தர வேண்டியவர் நாமே.

அடுத்தது கட்டளைகளைப் பற்றிய குறிப்பேடு. ஆய்வுத் திட்டங்களில் வழங்கியை நிறுவுபவர் பெரும்பாலும் ஒப்பந்த ஆய்வு உதவியாளர். நல்கை முடிந்ததும் அவர் போய்விடுவார். எந்தக் கூறு எந்த வரிசையில் தொடங்க வேண்டும், எந்தச் சூழலில் எந்த அடைகளுடன் தொடங்க வேண்டும் என்பன அவரோடு போய்விடுகின்றன. தரவுத்தளமும் தேடற்கூறும் முதலில், டிஸ்பேஸ் பின்னர் என்னும் எளிய வரிசைகூட அடுத்து வருபவருக்குத் தெரிவதில்லை. இட்ட கட்டளை ஒவ்வொன்றையும் எழுத்துப் பிசகாமல் குறித்து, அதனால் நிகழ்வது இன்னது எனத் தமிழிலும் மலாயிலும் ஒரு வரி எழுதி, துறையில் ஒரு படியும் கணினி மையத்தில் ஒரு படியும் வைத்தல் வேண்டும். யாழ்ப்பாணம் முதலான இடங்களின் ஈழத்து நூல்களை மின்னுருவாக்கிய ‘நூலகம்’ நிறுவனத்தினர், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர் கூட்டுழைப்பால் தொகுப்பை வளர்த்தெடுத்துள்ளனர். அவ்வாறு ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர வேண்டிய பணிக்கு எழுதிவைத்த நடைமுறையே துணை.

குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியிலும் நாளும் மென்பொருட் பதிப்பு எண்ணும் இடம்பெற வேண்டும். டிஸ்பேஸின் ஆறாம் பதிப்பிற்கு எழுதிய தொடக்க வரிசை ஏழாம் பதிப்பிற்குப் பொருந்தாது. பழைய பயனர் பக்கக் கூறுகள் இரண்டும் அதில் நீக்கப்பட்டுவிட்டன. பழைய ஜாவாவிற்கு இன்றியமையாததாக இருந்த குறியேற்ற அடை 18ஆம் பதிப்பிற்குப் பின் மிகையாகிவிடும். எனினும் இருந்தால் தீங்கில்லை. பதிப்பெண் இல்லாத குறிப்பைக் கண்டால், அதிலுள்ள கட்டளையை நேரே தொகுப்பின் மீது ஏவாமல், சோதனைப் பதிவு மட்டும் உள்ள தனி வழங்கியொன்றில் முதலில் இட்டுப் பார்த்தல் வேண்டும்.